பீக்கர் கழுவிய தண்ணீர்

எங்கள் சாருக்கு ஒரு டீ சொன்னால் இரண்டு கிளாஸ் வரும். ஒன்றில் டீ, இன்னொன்றில் வெறும் வெந்நீர். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெந்நீரை டீயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிறம் வெளுத்த பிறகுதான் வாயில் வைப்பார். "எங்க கடையில கிளாஸ் கழுவுற தண்ணியே இதைவிட ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று டீ மாஸ்டர் ஒரு நாள் சொல்லியேவிட்டார். சாருக்குக் கோபம் வரவில்லை. தனக்கு அவ்வளவுதான் ஒத்துக்கொள்ளும் என்றார். மதியம் அவர் வீட்டுப் புளிக்குழம்புக்கும் இதே கதிதான். அவர் வீட்டம்மா காலையில் எழுந்து மிளகாய் அரைத்து, சுண்டக் காய்ச்சி அனுப்பியதில், இந்த மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்ததும் சொம்புத் தண்ணீரைச் சாய்ப்பார். எனக்குப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் காரம் வேண்டும், பேச்சிலும்தான். இவளுக்கு வாய் நீளம் என்று என் வீட்டில் எனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சொல்கிறார்கள். தஞ்சாவூரில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வேளாங்கண்ணி போகிற சாலையில் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்த மண், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உரக்கடைக்காரர்தான் முதலாளி. மாடியில் சாரும் நானும் மட்டும். விவசாயிகள் பையில் மண்ணும் பாட்டிலில் போர் தண்ணீரும் கொண்டுவருவார்கள். சார் சோதித்து எண்ணைச் சொல்வார், நான் ரிப்போர்ட் எழுதுவேன். அவ்வளவுதான் வேலை.

வந்தவர்களுக்கு ஒரு வித்தை காட்டாமல் சார் அனுப்பமாட்டார். ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு கம்பி. தட்டில் கல்லுப்பைக் குவித்து இரண்டு கம்பியையும் அதில் குத்துவார். பல்பு எரியாது. எவ்வளவு உப்பு இருந்தாலும் காய்ந்து கிடந்தால் அது வாயைத் திறக்காது என்பார். பிறகு தட்டில் தண்ணீர் ஊற்றுவார். உப்பு கரையக் கரைய பல்புக்கு வெளிச்சம் வரும். எத்தனை முறை காட்டினாலும் அந்த வெளிச்சம் வரும் நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும்.

விளக்கமும் நன்றாகச் சொல்வார். உப்பு என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒரு பக்கம் சோடியம், ஒரு பக்கம் குளோரைடு. ஒன்றில் நேர் மின்சுமை, மற்றதில் எதிர். காய்ந்த உப்பில் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தண்ணீர் உள்ளே புகுந்தால், தண்ணீரின் துகள்கள் ஒவ்வொன்றையும் தனியாகச் சூழ்ந்துகொண்டு பிடியை விடுவித்துவிடும். பிரிந்தால்தான் நகர முடியும், நகர்ந்தால்தான் கரண்ட் போகும். எங்கள் மீட்டர் அளந்ததும் அதைத்தான். தண்ணீரில் எவ்வளவு உப்பு பிரிந்து நிற்கிறதோ அவ்வளவு எண் காட்டும். சர்க்கரையைப் போட்டால் பல்பு எரியாது, அது கரையும், ஆனால் இப்படிப் பிரியாது என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

யாராவது விவரமானவர், இன்னும் தண்ணீர் ஊற்றினால் பல்பு மங்குகிறதே, அப்போது உப்பு போய்விட்டதா என்று கேட்பார். சார் சிரிப்பார். "உப்பு எங்கயும் போகலைங்க. தள்ளித் தள்ளி நிக்குது, அவ்வளவுதான். வெயில் வந்து தண்ணிய எடுத்துக்கிட்டுப் போச்சுன்னா, அத்தனையும் வரப்புல வெள்ளையா வந்து உட்கார்ந்துக்கும்." இதை நான் சொல்லவில்லை. அவரேதான் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னார்.

ஆனால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. எது காட்டமாக வந்தாலும் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் சாவை யாரும் போனில் நேராகச் சொல்வதில்லை. கொஞ்சம் சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வாருங்கள் என்போம். கேட்கிறவருக்கும் அது புரிந்துவிடும். சார் அதையும் தாண்டினார். முதலாளியின் அக்கா திருவாரூரில் இறந்துபோன அன்று செய்தி சாருக்குத்தான் வந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கிறதாம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்று முதலாளியிடம் சொல்லி அனுப்பினார். முதலாளி வழியில் வண்டியை நிறுத்தி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்ததாம். பழப் பையோடு தெருவில் நின்றதை அவர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார். திரும்பி வந்து கத்தியபோது சார், பதட்டத்தில் வண்டியை எங்காவது விட்டுவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னதாக முனகினார்.

அதே முதலாளி ஒரு முறை என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அது எனக்கே தெரியாது. ஒரு பெரிய மிராசுதாரிடம், உங்கள் மண்ணுக்கு இந்த உரம் தண்டம், வாங்காதீர்கள் என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் கீழே கடையில் வாங்கி அடுக்கியிருந்த மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நாளையிலிருந்து அந்தப் பெண் இந்தப் படி ஏறக்கூடாது என்று முதலாளி சாரிடம் சொல்லி அனுப்பினார். சார் மெல்ல மாடியேறி வந்து, "முதலாளி கொஞ்சம் பாத்துப் பேசச் சொன்னாரும்மா" என்றார். நான் மறுநாளும் வழக்கம்போல வந்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தேன். இது என்ன சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று முதலாளி வாயடைத்துப் போனாராம். அந்த வாரக் கடைசிக்குள் அவர் கோபமும் ஆறிவிட்டது. ரொம்ப நாள் கழித்து அவரே சிரித்துக்கொண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆக, இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு சார் தண்ணீர் கலந்த ஒரு பேச்சில் வந்த சோறு. அவரைக் குறை சொல்ல உட்காரும்போதெல்லாம் இது தொண்டையில் வந்து நிற்கிறது.

விவசாயிகளிடம் சொல்லும்போதும் அப்படித்தான். எவ்வளவு மோசமான தண்ணீர் வந்தாலும் முதல் வார்த்தை "பரவாயில்லை". அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் பேச்சில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ரிப்போர்ட்டில் உள்ள எண் எண்ணாகத்தான் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் சாரை நான் நம்பினேன்.

ஒரு கோடையில் புதிதாக ஒரு அக்கா வந்தார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடைமடை கிராமம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு கம்பெனியில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் வயலில் போர் போட்டிருந்தார்கள். பெரிய பாட்டில் நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து, குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் நன்றாக இருந்தால் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், இருக்கிற நிலத்தில் விவசாயம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம். ரிப்போர்ட்டை அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவர் இருக்கிற ஊரில் கடல் தண்ணீரிலிருந்தே உப்பைப் பிரித்துவிட்டுக் குடிக்கத் தருகிறார்களாம், இங்கே நல்ல தண்ணீருக்குப் போர் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினா ரெண்டு போகம் தேறாது சார்" என்றார்.

சார் அன்றைக்கு உப்பு வித்தை காட்டவில்லை. நேராக வேலைக்குப் போனார்.

பீக்கரை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. முதலில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிச் சுழற்றிக் கவிழ்க்க வேண்டும். அதில் உப்பே கிடையாது. பிறகு சோதிக்க வேண்டிய தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பீக்கரை நிரப்பி மீட்டரை வைக்க வேண்டும். சார் அப்படித்தான் செய்தார். எண் நாலுக்கு மேலே போய் நின்றது. நெல்லுக்கு இரண்டைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். சார் எண்ணைச் சொல்லவில்லை. மீட்டரைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு பீக்கரை மறுபடி கழுவினார். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றினார், சுழற்றினார், ஆனால் கவிழ்க்கவில்லை. பாதி பீக்கர் அப்படியே இருந்தது. அதன்மேல் அந்த அக்காவின் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். எண் இரண்டை ஒட்டி வந்தது.

"எழுதிக்கம்மா" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சார் அவர் பக்கம் திரும்பி, நெல்லுக்கு ஆகும் என்றார். ஆற்றுத் தண்ணீர் வரும்போது அதோடு பாதிக்குப் பாதி கலந்து பாய்ச்சுங்கள் என்று அதற்குப் பின்னால் சன்னமாக ஒரு வார்த்தை சேர்த்தார். அதற்குள் அந்த அக்கா போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் எழுதிய எண்ணை அங்கேயே போட்டோ எடுத்தார்.

அவர் படியிறங்கிய பிறகு, இது என்ன சார் என்று கேட்டேன். ஆற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இந்த எண்தானே வரும், நான் கலந்த தண்ணீரை அளந்தேன் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உப்புத் தண்ணீரை ஆற்றுத் தண்ணீரோடு கலந்து பாய்ச்சச் சொல்வது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் அதைக் கலந்த தண்ணீர் என்று ரிப்போர்ட்டில் எழுதவில்லையே. அப்படி ஒரு வரி எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மிராசுதாரிடம் பட்டென்று பேசிய வாய் அன்று எங்கே போனதோ. அந்த அக்காவின் புருஷன் வீட்டுக்கு வரட்டுமே என்று எனக்கும் இருந்தது. ரிப்போர்ட்டில் முத்திரை குத்தியது என் கைதான்.

வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வந்துவிட்டார். ஒரு நாள் அந்த அக்கா அதிரசமும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். ஆளே மாறியிருந்தார், புதுச் சேலை, கையில் வளையல். சார் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து விரலில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்த அக்கா போகும்வரை வாயில் போடவில்லை.

அந்த வருஷம் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது குறுவை பாதி முடிந்துவிட்டது. கலப்பதற்கு ஆற்றுத் தண்ணீர் எங்கே இருக்கிறது? போர் தண்ணீரையே முழுக்கப் பாய்ச்சினார்கள். நாற்றின் நுனி கருகியது. நட்டதில் திட்டுத் திட்டாகப் போனது. மறு வருஷமும் அதே கதை. வரப்போரம் எல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து கடைக்கு உரம் வாங்க வந்தவர் சொன்னார். சார் கேட்டுக்கொண்டார். டீயில் வெந்நீரை ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார், டீ மேசையில் வழிந்தது.

மறுபடி அந்த அக்கா வந்தபோது வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம். சாலை முழுக்கக் காவி கட்டிக்கொண்டு, கால் கொப்புளத்தோடு, பாட்டுப் பாடிக்கொண்டு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சார் கீழே படியோரம் அவர்களுக்கு ஒரு பானைத் தண்ணீர் வைத்திருந்தார். அந்த அக்காவின் வீட்டுக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு அந்தப் பானையருகே நின்றுகொண்டார். அக்கா மட்டும் பாட்டிலோடு மேலே வந்தார். கழுத்துச் சிலுவை இருந்தது, வளையல் இல்லை.

சார் பீக்கரை முறையாகக் கழுவினார், முறையாகக் கவிழ்த்தார். எண் நாலரைக்குப் பக்கத்தில் வந்தது. மீட்டரை அந்த அக்கா பக்கம் திருப்பி வைத்தார். அந்த அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, போன தடவை நான்..." என்று சார் ஆரம்பித்தார்.

"தெரியும் சார். வாயில வெச்சாலே தெரியிற தண்ணி. மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா இங்க கொண்டாந்தீங்க?"

"உங்ககிட்ட கொண்டாந்தா நல்லதாச் சொல்லுவீங்கன்னு எங்க ஊர்ல சொன்னாங்க. அவரு வரணும்னுதான் கொண்டாந்தேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் நல்ல மனசுக்கு ஊர் ஊராக இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். இந்த இரண்டு வருஷத்தில் கடல் உள்ளே ஏறித் தண்ணீர் மாறிவிட்டது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடச் சொன்னார். அந்தக் கரையில் அதை எல்லோரும் நம்புவார்கள். "உப்புன்னு தெரிஞ்சேதான் வரச் சொன்னேன்னு தெரிஞ்சா, அவரு மூஞ்சியில நான் எப்படி சார் முழிப்பேன்?"

சார் எழுந்து படியிறங்கினார். நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் அந்த அக்கா. கீழே வீட்டுக்காரர், நடந்து வந்த ஒரு பெரியவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் கருத்து, கன்னம் ஒட்டியிருந்தது. சாரைப் பார்த்ததும் சொம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு வருசத்துல ஒரு தண்ணி இப்படி மாறுமா சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாருக்கு அது பழக்கமான வேலை. நான் அந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

"மாறல தம்பி. அன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சு. நான்தான் வேற தண்ணி கலந்து அளந்தேன். உங்க வீட்டுல அவங்களுக்கு இது எதுவும் தெரியாது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் சொம்பை எடுத்துப் பானைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பரவாயில்ல சார்" என்றார். "வேணும்னே பண்ணியிருக்க மாட்டீங்க." மறுபடி விசாவுக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். பழைய கம்பெனியில் இனி எடுக்கமாட்டார்கள், இந்த முறை ஒரு வீட்டில் டிரைவர் வேலைதான் கிடைத்திருக்கிறது என்றார்.

அந்த அக்கா கடைசிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. வந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டார். ரிப்போர்ட்டை யாரும் கேட்கவில்லை, அது என் கையிலேயே இருந்தது.

வாழ்நாள் முழுக்க வந்தவருக்கெல்லாம் வாரி வழங்கிய அந்த 'பரவாயில்லை' தன்னிடம் திரும்பி வந்தபோது சாரால் அதை விழுங்க முடியவில்லை. அன்றைக்கு வந்த இரண்டு கிளாஸும் மேசையிலேயே ஆறிப்போயின. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது, "இதுலயும் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டேனேம்மா" என்றார். அந்த அக்காவுக்குத் தெரியாது என்று சொன்னதைத்தான் சொல்கிறார். 'நான்தான் கலந்தேன்' என்று அவர் சொன்னதில் என் பங்கும் இருந்தது. என் பெயரையும் சேர்த்துத்தான் அன்று மறைத்தார். நானும் அந்த அக்காவைப்போலவே வாயைத் திறக்காமல் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் மீட்டரைத் தொடவில்லை. என்னை அளக்கச் சொல்லிவிட்டு பாட்டில் கழுவிக்கொண்டிருப்பார். யாராவது ரிசல்ட் கேட்க எழுந்தால் மெல்ல வெளியே போய்விடுவார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை, தஞ்சாவூரில் மகள் வீட்டோடு இருந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மகளிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாக இருக்கிறது அக்கா, கிளம்பி வாருங்கள் என்றாள். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது மாடியில் நான்தான். எண்ணை எண்ணாகச் சொல்கிறேன். வந்தவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை, பயம்தான்.

போன வாரம் ஒரு பெரியவர் கடலோரக் கிராமத்திலிருந்து பாட்டிலோடு வந்தார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறானாம். எண் மோசமாக வந்தது, நெல்லுக்கு ஆகாது ஐயா என்றேன். அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"முன்னாடி இங்க ஒரு சார் இருப்பாராமேம்மா. அவர் இல்லையா?"

இல்லை என்றேன்.

"அப்ப நீங்களே இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

பார்க்கிறேன் என்று பீக்கரை எடுத்தேன். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிச் சுழற்றினேன். பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்துவிட்டேன். ஆனால் கவிழ்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.